அப்புச்சி போட்ட ரூட்டு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. நாளைக்கு ஒரே நாள்ல சேலத்த நடந்தே படம் புடிச்சுப் போடறதுன்னு இருக்கறயாமா? நல்லது. 1866-லயே முனிசிபாலிட்டி ஆன ஊரு. 1917-ல ராஜாஜியே சேர்மனா வந்து உக்காந்து பாத்தாரு. அவருக்குப் புடிபடாத ஊரு உன்ற கழுத்துல தொங்கற டப்பாவுக்குப் புடிபட்டா எனக்கும் பெருமைதான்.

வெள்ளென எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடி. வடக்க சேர்வராயன், தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை. சட்டிக்குள்ள வெச்ச பணியாரமாட்டம் ஊரு. பதினோரு மணிக்கு மேல வேகும். உச்சி வெயில்ல எடுத்தீன்னா கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்து, சனமெல்லாம் கடன் குடுத்தவனாட்டமே தெரியும்.

கோட்டை மாரியம்மனக் கும்புட்டுட்டு சின்னக்கடை வீதிக்குள்ள பூந்து செவ்வாப்பேட்டைக்குப் போ. லீ பஜார்ல மொளகா மூட்டை செவச்செவன்னு அடுக்கியிருப்பாங்க. தும்மாம எடுக்கோணும், கை ஆடிப்போகும். சும்மா நின்னு எடுத்தா கடைக்காரன் மொறைப்பான். ரெண்டு கிலோ புளி வாங்கிப் பாரு, அவனே துண்ட ஒதறித் தோள்ல போட்டு நிப்பான். புளி கொட்டை நீக்குனதா இருக்கட்டும். உன்ற அமுச்சிக்குக் கொட்டை எடுக்க இப்ப முடியறதில்ல.

அங்கயே கொலுசுப் பட்டறை. ஒரு வூட்டுல வெள்ளிய உருக்கிக் கம்பி இழுப்பாங்க, இன்னொரு வூட்டுல வளையம் கோப்பாங்க, பத்த வைக்கறது ஒருத்தர், மெருகு போடறது ஒருத்தர். ஒரு சோடி கொலுசு உன்னயவிட அதிகமா நடந்திருக்கும். போனதும் கேமராவ நீட்டாத, நோட்டம் பாக்க வந்தவன்னு நெனச்சுருவாங்க. பட்டறை மண்ணக்கூடக் கூட்டி அள்ளி வெள்ளி பிரிக்கற தொழிலு. இந்தா சீட்டு. திருகாணி மாத்தக் குடுத்த கொலுசு ஒண்ணு இருக்குது, அத வாங்கிக்க. சீட்டக் காட்டுனா உள்ள உடுவாங்க, அப்பறம் உன்ற இஷ்டம்.

குகைப் பக்கம் வண்டி வேடிக்கை பாக்கோணும்னா ஆடியிலதான் வரோணும். வேசங்கட்டி வண்டியில சாமியா நிப்பாங்க. வேசம் கலைக்காம டீக்கடைப் பக்கம் வர்ற சிவனத் தேடி எடு. மேல நிக்கற சிவன ஊரே எடுக்கும்.

வெயில் தாழ ஏற்காடு ரோட்டுக்குப் போ. நடக்காத, டவுன் பஸ்ல ஏறு. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்குதில்ல? டி.ஆர்.சுந்தரம் கட்டுன கம்பெனி, நூத்துக்கு மேல படம். மலையாளத்துல மொதல்ல பேசுன ‘பாலன்’கூட 1938-ல அவங்க எடுத்ததுதான். 1956-ல ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ கலர்ல வந்தப்ப நான் அரை டிக்கெட்டு. தமிழுக்கே அதுதான் மொதக் கலர் படம்னாங்க. இப்ப வளைவு மட்டுந்தான் பாக்கி. நீ அதுக்கு முன்னாடி உன்ற மூஞ்சியவே எடுத்துட்டு வருவ, தெரியும்.

பொழுதோட தட்டுவடை செட்டு. ரெண்டு தட்டுவடைக்கு நடுவால கேரட்டு, பீட்ரூட்டு, வெங்காயம், ரெண்டு கலர் சட்னி. நீ கோணம் பாக்கறதுக்குள்ள அது ஊறிப்போகும், வாயில போட்டுட்டு எலையப் படம் எடு. எனக்குத் தட்டுவடை தனி, சட்னி தனியாக் கட்டி வாங்கு. பல்லு இருக்குதான்னு கேக்காத, ஊற வெச்சுத் திம்பேன்.

என்ன மொறைக்கற? சேலம் பாக்கற வழிதான சொன்னேன், வழியில எனக்கும் நாலு சாமான் இருந்துபோச்சு.

கொலுசு ஆருதுன்னா? உன்ற மாமன் மவளுது. நான் இந்த முழங்கால வெச்சுட்டு எங்க போறது, வர்ற வழியில நீயே எறங்கிக் குடுத்துட்டு வந்துரு. படம் கிடம் எடுக்கறேன்னு நிக்காத. அவளாக் கேட்டா எடு.