டின்டினாலியா, ரோசனா?

கேள்வி: அவசர மருத்துவ விசேட நிபுணர் பரீட்சைக்கு எந்தப் பாடநூலைத் தெரிவு செய்வது? (ஒரு வாசகர், வெள்ளவத்தை)

பதில்: 1983இல் முதற்பதிப்புக் கண்ட ரோசனின் நூல், நோய் உடலில் இயங்கும் விதத்தை ஆற அமர விளக்குவதால், பரீட்சை தொலைவில் இருப்பவருக்கு ஏற்றது. 1978இல் கற்கை வழிகாட்டியாகத் தொடங்கிய டின்டினாலியோ, சிறு அத்தியாயங்களும் அட்டவணைகளுமாக அமைந்திருப்பதால், இரவுக் கடமைக்கு இடையிலும் வாசிக்கத்தக்கது. இரண்டையும் வாங்கி அலுமாரியில் அடுக்கி, அந்தக் கனத்தையே அறிவாகக் கொள்ளும் மூன்றாவது முறையும் உண்டு. அதற்குப் புள்ளி வழங்கும் பரீட்சகர் இன்னும் பிறக்கவில்லை.

எனினும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயின்று இந்நாட்டு நோயாளரைப் பார்க்கப்போகும் ஒருவருக்கு, மஞ்சள் அலரி விதை உண்டவரின் இதயத் துடிப்புக் குழப்பமும், சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும் சிறு விரியன் தீண்டியவரின் இரத்த உறைதல் கோளாறும் அமெரிக்க நூல்கள் தரும் இடத்தைவிடக் கூடுதலான கவனத்தை வேண்டுவன; ஏனெனில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராக இந்தியாவில் ஆக்கப்படும் கூட்டு நச்செதிர்மருந்து, குணகட்டுவாவின் நஞ்சை முறிப்பதில்லை. ஆகவே இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி வழிகாட்டியை, இலவசமாகக் கிடைக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக ஒதுக்கிவிடாது, டின்டினாலிக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பதே உசிதம்.