மரத்தடியில் மாஸ்டர் ஆவது எப்படி?

ஞாயிறு காலை பொதுப் பூங்காவில் குழந்தைகளுக்கு ஓவியமும் இயற்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு ஜோல்னாப் பை வாங்குங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அது தோளில் தொங்கினால் நீங்கள் ஓவியர்; கழுத்தில் ஒரு பைனாகுலரும் சேர்ந்தால் இயற்கை ஆர்வலர். இரண்டும் இருப்பவர் கூடுதலாக நூறு ரூபாய் கட்டணம் கேட்கலாம்.

அடுத்தது மரத்தடி. மாமர நிழல் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே இலைகளைச் சேர்த்துத் தைத்த பந்து எதுவும் தொங்குகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். அது முசுறு எறும்பின் கூடு. தன் புழுக்களை வாயில் கவ்வி, அவை சுரக்கும் பட்டு இழையால் இலைகளை ஒட்டவைக்கும் அற்புதமான ஜீவன். இந்த அற்புதத்தை நீங்கள் விளக்கத் தொடங்கும்போது அது உங்கள் காலருக்குள் இருக்கும். சென்னையில் தூங்குமூஞ்சி மரம்தான் உத்தமம். குடை பெரிது, நிழல் தாராளம். மாலையிலும் மேகம் திரளும்போதும்தான் அது இலையை மடக்கித் தூங்கும். காலை வகுப்பில் தூங்குகிறவர்கள் அப்பாக்கள்.

அப்பாக்கள் தூங்கினால் நல்லதே. விழித்திருக்கும் பெற்றோர் பென்சிலைப் பிடுங்கித் தாங்களே வரைந்துவிடுவார்கள். வகுப்பு கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவில் என்றால் தாத்தாக்களை இன்னும் தள்ளி உட்காரவையுங்கள். 2010-இல் பூங்கா திறப்பதற்கு முன்பு அங்கே இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். "நீ உக்காந்திருக்கற எடத்துலதாம்ப்பா நாங்க காருக்குள்ளயே வெச்சு பூரி சாப்பிட்டோம்" என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால், அதற்குப் பிறகு கொன்றையும் எடுபடாது, புங்கையும் எடுபடாது.

இனி ஓவியம். காகிதத்தைக் கொடுத்து, "எதிரே இருக்கற மரத்தை வரைங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைகள் மரத்தை ஏறிட்டும் பார்க்காமல் குனிந்து இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஆறு, ஆற்றோரம் ஒரு குடிசை, குடிசைக்கு ஒரு தென்னை என்று போட்டு முடித்திருப்பார்கள். சென்னைக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது, மலையிடுக்கிலிருந்து இல்லை. இருந்தாலும் திருத்தாதீர்கள். பள்ளியில் மார்க் வாங்கித் தருவது அந்த மலைதான்.

அடிமரம் பழுப்பு, இலை பச்சை. இது கிரேயான் டப்பாவின் சட்டம். எதிரே நிற்கும் புங்கையின் பட்டை சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அதை ஒரு பிள்ளை கவனித்துச் சாம்பல் கிரேயானைத் தேடுகிறது என்றால் பேச்சை உடனே வேறு பக்கம் திருப்புங்கள். வண்ணம் கலக்கக் கற்றுக்கொடுப்பதும் ஆபத்து. மஞ்சளோடு நீலத்தைச் சேர்த்து, ஒரு துளி சிவப்பால் அதன் பளபளப்பைக் குறைத்தால் முற்றிய மாவிலையின் பச்சை கிடைக்கும். கிடைப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும், சட்டையும் போய்விடும். கடைசியில் அம்மா வந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன சார், ஒரே ஒரு எல போட்டிருக்கான்?" என்பார். அந்த ஒரு இலை எப்படிப்பட்ட இலை என்று விளக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அடுத்த பேட்ச் வந்திருக்கும்.

மரத்தின் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். "நீங்களே கண்டுபிடிச்சு அடுத்த வாரம் சொல்லுங்க" என்ற ஒரே வாக்கியம் எல்லா மரத்துக்கும் பொருந்தும். தெரிந்த மரத்தில்தான் எச்சரிக்கை தேவை. நாகலிங்கம் கிளை நுனியை விட்டுவிட்டு அடிமரத்திலேயே பூக்கும், இதுவரை சொல்லலாம். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து சிவன் கோயிலில் குடியேறிய மரம் என்பதைப் பாட்டிகள் இருக்கும்போது சொல்லாதீர்கள்.

தோட்டக்காரர் அந்தப் பக்கம் வருவதும் சிக்கல்தான். "சார், அது புங்கையில்ல, பூவரசு" என்பார். அதோடு நிற்கமாட்டார். ஒரு பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிக் காட்டுவார். காலையில் மஞ்சளாக விரிந்த பூ சாயங்காலம் சிவந்துபோவதையும் சொல்லி, நேற்றைய பூவைக் கீழேயிருந்து பொறுக்கிக் கொடுப்பார். மொத்த வகுப்பும் அவர் பின்னால் போய்விடும். பதறாமல் கைதட்டி, "இவர்தான் இன்னிக்கு நம்ம கெஸ்ட்" என்று அறிவித்துவிடுங்கள். டீக்குக் காசு கொடுக்க மறக்காதீர்கள்.

வரலாறு பேசும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பேசினால் வம்பு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகளில் 2101 படங்கள் இருக்கின்றன. அவருக்காகச் செடிகளை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்கள். பூவை மட்டும் வரைந்துவிட்டு அவர்கள் எழுந்துவிடவில்லை. இதழைப் பிரித்து, சூலகத்தைக் குறுக்கே வெட்டி, உள்ளே விதை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதுவரை வரைந்தார்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே சூட்டினார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டதால் அந்தப் பெயரும் புழக்கத்தில் இல்லை. இருவருக்கும் சர்டிபிகேட் கொடுத்ததாகத் தகவல் இல்லை. இதையெல்லாம் நீங்கள் சொன்னால் ஏதாவது ஒரு பிள்ளை, "ஒரு பூவ அவங்க எவ்ளோ நேரம் பாத்தாங்க சார்?" என்று கேட்கும். உடனே ஸ்நாக்ஸ் இடைவேளை விட்டுவிடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிப் பாடத்தைச் சார்ட்டில் நடத்துவதே பத்திரம். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இதற்கு மிகவும் தோதானவர். அவர் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வந்து வகுப்பைக் கலைக்கமாட்டார். எலுமிச்சைச் செடியிலும் கறிவேப்பிலையிலும் இருக்கும் புழுதான் எதிரி. சின்னதாக இருக்கையில் பார்த்தால் பறவை எச்சம். வளர்ந்ததும் இலைப் பச்சை. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றத்தைக் கிளப்பும். ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பாடத்திட்டம் அன்றோடு சரி.

சர்டிபிகேட்டுகளை முந்தின நாளே அச்சடித்துவிடுங்கள். ஹரிணி, ஹாரிணி, ஹரினி மூவரும் தனித்தனிப் பிள்ளைகள். குரூப் போட்டோவுக்கு எல்லோரும் மரத்துக்கு முதுகைக் காட்டி, சர்டிபிகேட்டை நெஞ்சோடு பிடித்து நிற்கவேண்டும். தலையை எண்ணும்போது ஒன்று குறைந்தால் எலுமிச்சைச் செடிப் பக்கம் போய்ப் பாருங்கள். கூப்பிட்டால் வராது, தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும்.