மூக்களந்த துரை

என்ன பேராண்டி, பரீட்ச அட்டையில தாளச் சொருகிக்கிட்டுக் கெளம்பிட்ட? அடையாத்துல ஆராய்ச்சி, மயிலாப்பூர்ல கணக்கெடுப்பு. போ, யாரு வேணாம்னா. போறதுக்கு முன்னாடி இந்த உசிலம்பட்டிக் கெழவன் சொல்றதையும் காதுல வாங்கிட்டுப் போ. ஒன் புரொபசர் மாதிரி நான் அடிக்குறிப்பெல்லாம் கேக்க மாட்டேன்.

நேத்து ஒங்கூட தெக்கு மாட வீதிக்கு வந்தேன்ல. பூக்கட்டுற அம்மாகிட்ட "என்ன தொழில்"னு கேட்ட. அது பாவம், கை நிக்காம கட்டிக்கிட்டே ஒப்பிக்குது. விடியக்காலம் பூ, பதினோரு மணிக்கு மூணு வீட்டுல பாத்திரம், சாயங்காலம் ஒரு வக்கீல் வீட்டுப் புள்ளய டியூசனுக்குக் கூட்டிட்டுப் போறது, மார்கழி பொறந்தா கோலமாவு. ஒன் தாள்ல கட்டம் ஒண்ணுதான். நீ 'இதர'ன்னு டிக் அடிச்ச. "என்ன தம்பி எழுதுனீங்க"ன்னு அந்தம்மா எட்டிப் பாத்துச்சு. "ஒண்ணுமில்லக்கா"ன்ன. அம்புட்டு நேரத்துல நீ சொன்ன ஒரே உண்மை அதுதான். அந்தக் கட்டத்துல ஒண்ணுமே இல்ல.

வருத்தப்படாத. ஒனக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுக இந்த ஊர்ல கட்டம் போட்டுருக்காய்ங்க. எட்கர் தர்ஸ்டன்னு ஒரு துரை. டாக்டருக்குப் படிச்சவரு. 1885லேர்ந்து 1908 வரைக்கும் எழும்பூர் மியூசியத்துக்கு அவருதான் சூப்பிரண்டு. 1894ல கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டிகிட்ட ஆள் அளக்குற சாமானெல்லாம் இரவல் வாங்கிக்கிட்டு நீலகிரிக்கு ஏறிட்டாரு, தோடர், கோத்தர், படகரை அளக்க. மெட்ராஸ்ல வெயில் நூறு டிகிரி அடிக்கையில மனுசன ஆராய மலை உச்சிதான் தோதுன்னு நக்கலடிச்சிருக்காய்ங்க. அதையும் மறைக்காம புத்தகத்துல போட்டுருக்காரு, நல்ல மனுசன். நீயும் போன மே மாசம் கொடைக்கானல்ல கருத்தரங்குன்னு போன. நான் ஏதாச்சும் கேட்டனா?

அவரு அளந்ததுல முக்கியமான சங்கதி மூக்கு. மூக்கோட அகலத்த ஒசரத்தால வகுத்து நூறால பெருக்கணுமாம். 70க்குக் கீழ வந்தா ஒல்லி மூக்கு, 85 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல சப்ப மூக்கு. பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒங்க அப்பத்தாகூட 'மூக்கும் முழியுமா இருக்கா'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருச்சு. இவய்ங்க பத்தாயத்துக்கு நெல்லு அளந்த மாதிரி அளந்திருக்காய்ங்க.

ரிஸ்லின்னு இன்னொருத்தரு, 1901 சென்சசுக்கே பெரிய அதிகாரி. மூக்கு ஒல்லியாக ஒல்லியாக சாதி ஒசத்தின்னே சொல்லிட்டாரு. சனமெல்லாம் மூக்கு வரிசையில நிக்கிறாப்புல. அப்புறம் 1932ல பம்பாய் புரொபசர் குர்யே ஒக்காந்து கணக்கப் பாத்தாரு. வடக்க ஒரு பக்கத்துக்கு ஏதோ ஒத்து வருது, அதத் தாண்டுனா இந்த மூக்குக் கணக்கு எடுபடலன்னுட்டாரு. இதுக்கு எதுக்கு புரொபசரு? ஒங்க அம்மாச்சி பெத்தது மூணு. ஒங்க பெரிய மாமன் மூக்கு ஒரு கட்டம், சின்ன மாமன் மூக்கு ஒரு கட்டம், ஒங்காத்தா மூக்கு எந்தக் கட்டத்துலயும் அடங்காது. அடுத்த வீட்டுச் சமாச்சாரத்துல நொழையிற மூக்கு எப்படி அடங்கும்?

நான் சொல்ல வந்தது அளந்தவய்ங்களப் பத்தி இல்ல, அளக்க நின்னவங்களப் பத்தி. வயநாட்டுப் பனியப் பொம்பளைக, நம்மள்ல லட்சணமா இருக்கவளாப் பாத்துப் பஞ்சடைச்சு மெட்ராஸ் மியூசியத்துல நிறுத்தப் போறாருன்னு அலறிருக்காங்க. நீலகிரியில ஒரு இருளரு, பழைய கேசு ஒண்ணுல போலீசு தேடுற ஆளு, ஒசரம் அளக்குற மரத்தப் பாத்துட்டு இது தூக்குமரம், ஏற மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னுருக்காரு. 1909ல ரங்காச்சாரியோட சேந்து ஏழு தொகுதி கொண்டாந்தாரே, அதுல தர்ஸ்டனே இதையெல்லாம் வேடிக்கையா எழுதியிருக்காரு.

எனக்கென்னமோ அந்தப் பொம்பளைக தப்பாச் சொன்னதாத் தெரியல. மெட்ராஸ் சனம் அந்த மியூசியத்துக்கு வச்ச பேரு என்ன? செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைதான் உயிர் காலேஜ். உயிரோட இருக்கவங்களப் போட்டோ புடிச்சு, நம்பர் போட்டு, தொகுதி தொகுதியா அலமாரியில அடுக்குனது பஞ்சடைக்கிறதுல சேராதா?

தூக்குமரம்னவரும் ரொம்பத் தப்பில்லப்பு. பொறப்புலயே குத்தவாளின்னு ஒரு கட்டம் போட்டாய்ங்க. 1871ல வடக்க ஆரம்பிச்ச குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல நம்ம மாகாணத்துக்கும் வந்துருச்சு. எங்க பக்கம் அதுக்குக் கைரேகைச் சட்டம்னு பேரு. ஆம்பளைன்னா பெருவிரல உருட்டணும், ராத்திரியானா போலீஸ் ஸ்டேசன்ல போய்ப் படுக்கணும், புது மாப்பிள்ளையா இருந்தாலும் சரி. 1920 ஏப்ரல் 3ந் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு சனம் தெரண்டுச்சு. போலீசு சுட்டதுல பதினாறு பேரு போயிட்டாங்க, அதுல மாயக்கான்னு ஒரு பொம்பளையும். 1947ல இங்க சட்டத்த எடுத்தாய்ங்க.

எடுத்தா மட்டும் கட்டம் போயிருமா? சீர்மரபினர்னு அறுபத்தெட்டு சாதியச் சேத்து ஒரு பட்டியல். 1979ல அந்தப் பேருல இருந்த 'பழங்குடி'ங்கிறத அழிச்சுட்டு 'சமூகம்'னு மாத்துனாய்ங்க. சனம் வருசக்கணக்காக் கத்திக் கத்தி, 2019ல ஒரு ஆணை வந்துச்சு. மாநில அரசுக்கு சமூகம், மத்திய அரசுக்குப் பழங்குடி. அப்ப சென்ட்ரல்ல ரயிலேறுறப்ப சமூகமா இருந்தவன் கூடூர் தாண்டுனதும் பழங்குடி ஆயிட்டான். இதுக்கு எந்தச் சாமான வச்சு மூக்க அளந்தாய்ங்கன்னு விசாரிச்சுச் சொல்லு.

கணக்கெடுத்தவய்ங்கள்ல எனக்குப் புடிச்ச ஆளு யேட்ஸ். 1931ல சென்னை மாகாண சென்சசுக்குப் பொறுப்பு. முடிதிருத்துறவங்க 1921ல ஒரு பேருல 2,27,000 பேரு இருந்திருக்காங்க. பத்து வருசத்துல அந்தப் பேருல மிச்சம் 10,000. காலராவா, பஞ்சமா? ஒண்ணுமில்ல, அந்தப் பேரு வேணாம்னு நாவிதர், பரியாரின்னு வேற பேரச் சொல்லிட்டாங்க. குடகு எல்லையில ஒரு தண்ணிக்காரன் என்ன சாதின்னு கேட்டதுக்கு 'சூரிய வம்சம்'னுருக்கான். பேரு இப்படி ஓடிக்கிட்டே இருந்தா சாதி பிரிச்சு எண்றதுல பிரயோசனமில்லன்னு யேட்ஸ் எழுதிட்டாரு. எழுதுறவன் எப்படியும் என்னத்தயோ எழுதத்தான் போறான், நல்லதா எழுதிட்டுப் போகட்டும்னு நெனச்சான் பாரு அந்தத் தண்ணிக்காரன், அவனுக்குல்ல டாக்டர் பட்டம் குடுக்கணும்?

அதனால இன்னைக்குப் போற எடத்துல, அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதுறப்ப ஓரமா ஒண்ணு சேத்து எழுது. ஒன்னைய யாருன்னு நெனச்சுச் சொன்னாங்க? கார்ப்பரேசன் ஆளா, வட்டிக்குக் குடுக்குறவனா, காலி பண்ணச் சொல்ல வந்தவனா? கட்டம் இல்லையா? தாளுக்குப் பின்னாடி எடம் கெடக்குல்ல, எழுது.

பேனாவ எடு, மொதப் போணி நானே பண்றேன். பேரு தெரியும். வயசா? பள்ளிக்கூடத்துல வாத்தியார் சேத்துக்கிறதுக்காக ஜூன் மாசத்துல ஒரு தேதி போட்டாரு, அது ஒரு வயசு. ஆதாருக்குப் போனப்ப அந்தப் பய சனவரி ஒண்ணுன்னு ஒண்ணு போட்டான். வைகை அணை தொறந்த வருசம் நான் ஆடு மேய்ச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்னு எங்காத்தா சொல்லும், அது மூணாவது. ஒன் ஆராய்ச்சிக்கு எது தோதோ அதப் போட்டுக்க. முதியோர் பணத்துக்கு மட்டும் ஆதார் வயசுதான், அதுல கை வச்சிராத.