போடிமெட்டில் ஒரு பிணம்

கேள்வி: போடி ஏலமலையை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத ஆசை. எப்படித் தொடங்கலாம்?

பதில்: பிணத்தைப் போடிமெட்டில் போடுங்கள். தலை தேனி மாவட்டத்தில், கால் இடுக்கி மாவட்டத்தில். எந்த மாநிலப் போலீஸ் வருவது என்பதிலேயே மூன்று அத்தியாயம் ஓடிவிடும்! முந்தலிலிருந்து மேலே 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு திருப்பம் வைக்கலாம். ஆனால் சாட்சியை எஸ்டேட் பங்களாவில் தேடாதீர்கள். காலையிலேயே போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போகும் பெண்களைக் கேளுங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து காய் எடுப்பவர்கள் கண்ணில்தான் புதுக் காலடித் தடம் முதலில் படும். உங்கள் துப்பறிவாளரே அவர்களில் ஒருவராக இருக்கட்டும். முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.