ஒத்தைச் சுளைக்குப் பேரு பலாப்பழமா?

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. மொதல்ல காதுல சொருகி வெச்சிருக்கியே, வெள்ளைப் பல்லிக் குஞ்சு மாதிரி, அதைக் கழட்டு. உன் ஆல்பம் போன வெள்ளிக்கிழமை வெளியாச்சாமே? கண்ணமங்கலம் போனா சொல்றாங்க, போளூர் போனா சொல்றாங்க. சொந்தத் தாத்தன் எனக்குத்தான் யாரும் சொல்லலை. சரி, ஆல்பத்துல எத்தினி பாட்டுடான்னு கேட்டா ஒண்ணுங்கிறே.

ஒண்ணா! ஜவ்வாது மலையிலேருந்து பலா இறங்குற காலத்துல, ஒத்தைச் சுளையை எலையில வெச்சுக்கினு "முழுப் பழம் வாங்கலியோ"ன்னு சந்தவாசல்ல கூவிப் பாரு. என்னா வசவு கிடைக்கும்னு அப்போ தெரியும்.

ஆல்பம்னா இன்னான்னு இந்த மைக்செட்டுக் கெழவன்கிட்ட கேட்டுக்கோ. அந்தக் காலத்து ரெக்கார்டு அரக்குல செஞ்சது. நிமிஷத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் கொள்ளும். கை தவறினா அப்பளம். ஒரு நாடகத்தை முழுசாக் கேக்கணும்னா ஒரு தட்டு போதாது, ஒரு அடுக்கே வாங்கணும். அந்த மாதிரி அடுக்குங்களை அட்டைப் பையில போட்டு, கல்யாண போட்டோ புஸ்தகம் மாதிரி கோத்து வித்தான் வெள்ளைக்காரன். அந்தப் புஸ்தகத்துக்குத்தான்டா ஆல்பம்னு பேரு. அப்புறம் 1948-ல அமெரிக்காவுல கொலம்பியா கம்பெனி எல்.பி. தட்டு கொண்டாந்தான். ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல ஓடும். புஸ்தகம் போச்சு, பேரு மட்டும் தட்டோட ஒட்டிக்கிச்சு. தட்டும் போயி கேசட்டு, கேசட்டும் போயி சிடி. இப்போ உன் கையில பேரு மட்டும்தான் மிச்சம். அதை ஒத்தைப் பாட்டு மேல ஒட்டியிருக்கே. அப்பன் காலமானாலும் ரேஷன் கார்டுல பேரு இருக்கிற மாதிரி.

பாட்டுன்னா மூணு நிமிஷம்னு எந்தச் சாமியும் விதிக்கலை. தட்டுல அவ்வளவுதான் இடம், அதனால அவ்வளவுதான் பாட்டு. நம்ம பக்கத்துப் புரிசையில கண்ணப்பத் தம்பிரான் இருந்தாரே, அவர் மாதிரி ஆளுங்க கூத்துக் கட்டினா விளக்கு வெச்சு ஆரம்பிச்சு விடியறப்போதான் மங்களம் பாடுவாங்க. அதை எந்தத் தட்டுல அடைப்பே? உன் காலத்துக்கு வேற அளவு வந்துடுச்சு. ஸ்பாட்டிஃபையில முப்பது செகண்டு ஓடினாத்தான் ஒருத்தன் கேட்டதாக் கணக்காம். அதனால என் யோசனையைக் கேளு. முன்னாடி வர்ற வாசிப்பெல்லாம் எதுக்கு? கல்யாண வூட்டு வாசல்லயே மேசை போட்டு மொய் வாங்கறான் பாரு, அப்படி நுழைஞ்ச ஒடனே பல்லவியைப் போட்டுடு. பந்தியில ரசம் சரியில்லேன்னு அவன் பாதியில எழுந்து போனா உனக்கு இன்னா, மொய்தான் வந்துடுச்சே!

வெள்ளிக்கிழமை வெளியிட்டியே, அது நல்ல காரியம். ஏன் வெள்ளிக்கிழமைன்னு கேட்டா, உலகமே அன்னிக்குத்தான் வெளியிடுதுங்கிறே. அதுவும் எனக்குத் தெரியும்டா. முன்னெல்லாம் அமெரிக்காவுல செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்துல திங்கள்கிழமைன்னு ஆளுக்கொரு நாளு. ஒரு ஊர்ல முந்தி வந்தது இன்னொரு ஊருக்குத் திருட்டுத்தனமாப் போயிடுதுன்னு, 2015 ஜூலை 10-லேருந்து எல்லாருக்கும் ஒரே நாளு, வெள்ளிக்கிழமைன்னு ஆக்கிட்டாங்க. ஆடி பொறக்க ஒரு வாரம் இருக்கும்போது! அவங்களுக்கு இப்போதான் புத்தி வந்துச்சு. படவேட்டு ரேணுகாம்பா சந்நிதிக்கு வண்டி கட்டிக்கினு போறவங்க எந்தக் காலத்துலேருந்து ஆடி வெள்ளிக்குப் போய்க்கினு இருக்காங்க? நானும் அந்தக் கணக்குலதான் வருஷா வருஷம் ஆடிக்கு முன்னாடி வேலூர் போயி புது அம்மன் கேசட்டு வாங்கியாந்தேன். வாங்கியாந்து இன்னா, கூட்டம் "எல்.ஆர். ஈஸ்வரியைப் போடுய்யா"ன்னுதான் கேக்கும். புதுசு எல்லாம் பொட்டியில தூங்கும். வெளியாகறது வேற, வெளியில கேக்கறது வேற.

உன் தங்கச்சியைப் பாரு. 2024 ஏப்ரல் 19, நாமெல்லாம் ஓட்டுப் போட்ட வெள்ளிக்கிழமை. விரல்ல மையோட நான் வந்து உட்கார்றேன், அவ போனை வெச்சுக்கினு அழுதுக்கினு இருக்கா. யாரு செத்ததுன்னு பதறிட்டேன். டெய்லர் ஸ்விஃப்டுன்னு ஒரு அம்மா ஆல்பம் விட்டுடுச்சாம், 16 பாட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடியும் விசும்பல். அந்தம்மா இன்னும் 15 பாட்டைக் கொட்டிடுச்சாம். ஆக மொத்தம் 31! அழறதுக்கும் ஒரு அளவு வேணாமா? ஆனா அந்தம்மா கெட்டிக்காரி. பாட்டுக்குப் பாட்டு தனித்தனியா எண்ணற காலத்துல, கூறு கட்டி விக்காம மூட்டையா இறக்குது. அங்க 31 பாட்டும் ஆல்பம், இங்க ஒரு பாட்டும் ஆல்பம். நடுவுல எங்கியோ ஒரு படி தானியம் இருக்குது, நீங்க ரெண்டு பேரும் அதை அளக்கறதே இல்லை.

சினிமாவுல இல்லாத பாட்டை இந்த ஊர்ல கேக்க வைக்கறது லேசுன்னு நெனைக்காதே. இளையராஜா 1986-ல 'ஹவ் டு நேம் இட்'னு ஒண்ணு போட்டாரு. படம் கிடையாது, பாட்டு வரி கிடையாது, முழுக்க வாசிப்பு. தியாகராஜருக்கும் பாக்குங்கிற ஜெர்மன்காரருக்கும் காணிக்கைன்னு போட்டிருந்துச்சு. எனக்குக் கேட்டதும் கிறுக்குப் புடிச்சிடுச்சு. ஒரு கல்யாணத்துல விடியக்காலம் அதையே போட்டுட்டேன். வயலின் குழாய்ல ஏறி மலையில போயி முட்டித் திரும்புது. மாப்பிள்ளையோட மாமன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு ஓடியாந்தாரு. "யோவ், பாடறவன் இன்னும் வரலியா? வெறும் மேளமா ஓடுது, பாட்டைப் போடுய்யா!" கூலியில இருபது ரூபா புடிச்சுட்டாங்க. அந்த இருபது ரூபாய்க்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. இதை உன் ஆயாகிட்ட சொல்லிடாதே.

நீ பாடறது ராப்புன்னு சொன்னாங்க. 2006-லயே மலேசியாவுல யோகி பி-யும் நட்சத்ரா பசங்களும் 'வல்லவன்'னு தமிழ்ல போட்டாச்சு. 2018-ல கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு கூட்டமே கானாவையும் ராப்பையும் சேத்து மேடையேறிடுச்சு. ரெண்டுத்தையும் கேட்டேன். மூச்சு விடாமச் சொல்லடுக்கி எதிராளியை வாரறது நம்ம கூத்துல வர்ற கட்டியக்காரன் வேலைதானே, அதனால எனக்கு அன்னியமாத் தெரியலை. நீ பாடறதுதான் அன்னியமாத் தெரியுது. பொறந்தது சந்தவாசல், பாட்டுல சந்தத்தைக் காணோம்! பாட்டு பூரா காரு, கண்ணாடி, துபாய். நம்ம வூட்டுல இருக்கறது உங்கப்பன் டிவிஎஸ் ஒண்ணு, அதுவும் தவணையில.

அறிவுன்னு ஒரு புள்ள 2021-ல 'எஞ்சாய் எஞ்சாமி'யில இன்னா பண்ணுச்சு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஒழைச்ச தன் பாட்டியைக் கொண்டாந்து பாட்டுக்குள்ள உட்கார வெச்சுது. உலகம் பூரா அந்தப் பாட்டியைக் கேட்டுது. உன் ஆயா சாமை குத்தும்போது முணுமுணுக்கறது எந்த போன்லயாவது இருக்குதா? அவகிட்ட போயிக் கேளு. மொதல்ல வெக்கப்படுவா, அப்புறம் நிறுத்த மாட்டா.

மூஞ்சைத் தூக்காதே. பாட்டு நல்லா இல்லேன்னு நான் சொல்லலை. நேத்து ராத்திரி உன் தங்கச்சி போனை வாங்கி முப்பத்தோரு செகண்டு கேட்டேன். கணக்குல ஒண்ணு ஏறியிருக்கும், பாத்துக்கோ.

வர்ற ஆடி மூணாம் வெள்ளிக்கு நம்ம செட்டுதான். ஈஸ்வரியம்மா பாட்டு ரெண்டுக்கு நடுவுல உன்னுதைச் சொருகறேன், யாரும் கேக்காமலே. அந்தக் காலத்துல தட்டோட ஒரு பக்கம் ஜனங்க கேட்ட பாட்டு. ராத்திரி தூக்கக் கலக்கத்துல திருப்பிப் போட்டா பின்பக்கத்துல யாருமே கேக்காத ஒண்ணு இருக்கும். காலையில பால் கறக்கறவன் அதைத்தான் முணுமுணுத்துக்கினு போவான். உன் ஒத்தைத் தட்டைத் திருப்பினா இன்னா இருக்குது? ஒண்ணும் இல்லை. ஆடிக்குள்ள இன்னொண்ணு கட்டிக்கினு வா, போடறேன்.

கூம்புக் குழாய் கூடாதுன்னுட்டாங்க, இப்போ எல்லாம் பாக்ஸுதான். அந்தப் பக்கம் புடி. ஆட்டோவுல ஏத்தணும்.