சிபியூ ஃபேன் கழற்றியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கணினியிலிருந்து ப்ராசஸர் ஃபேனைக் கழற்றுதல் நால்வகைப்படும்: உருவல், திருப்பல், பிடுங்கல், வருந்தல்.

உருவல் ஒயருக்குரியது. மதர்போர்டில் சொருகியிருக்கும் நாலு கம்பி ஒயரை நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஆய்வுக்கு இடமின்மையின் விடுக்க.

திருப்பலே இவ்வியலின் உயிர். 2004இல் வந்த இன்டெல்லின் 775 சாக்கெட் ஃபேனை மதர்போர்டில் பிடித்திருப்பவை மூலைக்கொன்றாக நான்கு பிளாஸ்டிக் முளைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி. கருத்து வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. அம்பு பூட்டும் திசையைக் காட்டுவது என்பர் ஒரு சாரார் (மைத்துனர், வாய்மொழி). அற்றன்று, விடுவிக்கும் திசையே என்பர் மற்றொரு சாரார் (ரிச்சி தெருக் கடைப்பையன், வாய்மொழி, வேறொருவருக்குப் பில் போட்டபடி நிமிராமல் சொன்னது). அம்பே இடைச்செருகல், மூலத்தில் இல்லை என்பாரும் உளர் (அதே மைத்துனர், திருத்திய இரண்டாம் பதிப்பு, முளை ஒன்று உடைந்தபின் வெளியிட்டது; முதற்பதிப்பைத் தாம் சொல்லவே இல்லை என்று அவரே எழுதிய மறுப்புரையும் காண்க, மளிகைச் சீட்டின் பின்புறம், சாம்பார்க் கறைக்குக் கீழே).

கடைப்பையன் சொன்னதே சரி. அம்பு காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் முளை விடும். அந்தத் திசை இடஞ்சுழி என்று நிறுவ எட்டுப் பக்கம் பிள்ளையார் தும்பிக்கைக்குச் செலவிட்டேன். ஆய்வுக்குழு பாராட்டியது அந்த எட்டுப் பக்கத்தைத்தான். முளையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பிடுங்கல் ஏஎம்டிக்குரியது. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 ஊசிகள். ப்ராசஸருக்கும் ஃபேன் பொருத்திய ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் ஹீட்சிங்கோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே கழற்றுமுன் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின்சார ஒயரை எடுத்துவிட்டு, ஹீட்சிங்கை இப்படியும் அப்படியுமாக லேசாகத் திருகி மெல்லத் தூக்க வேண்டும். இவ்விதியை நான் எழுதியது வெடுக்கென்று இழுத்த மறுநாள்.

வருந்தல் வெளிப்படை. ஏடிஎம் கார்டின் ஓரத்தை வரிசைக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளைந்த ஊசிகளை நிமிர்த்தினேன். வளைந்தவை ஏழு. நிமிர்ந்தவை ஆறு.