டேக்குக்குள் நம் நிரல்

கேள்வி: ஜாங்கோ டெம்ப்ளேட்டில் நேராகப் பைத்தான் எழுத விட்டால் குடியா மூழ்கிவிடும்?

பதில்: மூழ்கும். ஜாங்கோ பிறந்தது 2003-இல், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் அலுவலகத்தில். பக்கத்தை அழகுபடுத்துகிறவர் ஒருவர், நிரல் எழுதுகிறவர் இன்னொருவர் என்று இருந்தால், தலைப்பின் நிறத்தை மாற்றப் போனவர் கைபட்டு டேட்டாபேஸ் காலியாகக் கூடாது. அதனால்தான் கை கட்டப்பட்ட மொழியாக டெம்ப்ளேட்டை வைத்தார்கள். பிஎச்பியின் ஸ்மார்ட்டியில் நிரலை அப்படியே எழுத ஒரு டேக் இருந்தது. மூன்றாம் பதிப்பில் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். நல்ல முடிவு.

கேள்வி: அப்படியானால் டெம்ப்ளேட்டில் நம் நிரலை ஓட்டும் சொந்த டேக்குக்கு யாரிடம் மனுப் போட வேண்டும்?

பதில்: மனு வேண்டாம், ஒரு ஃபோல்டர் போதும். ஆப்புக்குள் அதற்கு 'டெம்ப்ளேட்டேக்ஸ்' (templatetags) என்று பெயர் வையுங்கள். அதில் காலியான 'இனிட்' ஃபைல் ஒன்று, உங்கள் பைத்தான் ஃபைல் ஒன்று. உங்கள் ஃபைலில் டேக் லைப்ரரியை 'ரிஜிஸ்டர்' என்ற பெயரிலேயே உருவாக்க வேண்டும். செல்லப்பெயர் வைத்தால் ஜாங்கோ திரும்பிக்கூடப் பார்க்காது. பிறகு சாதாரண ஃபங்ஷன் எழுதி, அதன் தலையில் 'சிம்பிள் டேக்' என்று முத்திரை குத்துங்கள். டெம்ப்ளேட்டில் 'லோட்' செய்தால் டேக் தயார். தாய் டெம்ப்ளேட்டில் செய்த லோட் பிள்ளைக்குச் சேராது. அதற்குத் தனியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: எல்லாம் செய்தும் 'அப்படியொரு டேக் லைப்ரரியே பதிவாகவில்லை' என்கிறதே!

பதில்: சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அடம்பிடித்தால், செட்டிங்ஸில் ஆப்பின் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: டேக்குக்குள் இருக்கும் நிரல் எப்போது ஓடுகிறது?

பதில்: அருமையான கேள்வி. நோட் கிளாஸ் வைத்து முழு டேக் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதவே கூடாது. டேக்குக்கு இரண்டு கட்டம். முதலில் டெம்ப்ளேட்டைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு நோட் ஆக்குகிறது ஜாங்கோ, இது கம்பைல். பிறகு பக்கம் கேட்கப்படும்போதெல்லாம் அந்த நோட்டின் 'ரெண்டர்' ஓடுகிறது. வெட்டுவது ஒருமுறை, பரிமாறுவது பலமுறை. அட்டவணையில் ஒரு வரிசை வெள்ளை, மறு வரிசை சாம்பல் என்று மாற்றித் தரும் டேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'எத்தனையாவது வரிசை' என்ற எண்ணை நோட்டிலேயே எழுதி வைத்தால், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறக்கும்போது இருவர் கணக்கும் கலந்துவிடும். ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு வெள்ளை வரும். இதற்கென்றே 'ரெண்டர் கான்டெக்ஸ்ட்' இருக்கிறது. எண்ணை அதில் வையுங்கள்.

கேள்வி: டேக்குக்குள் டேட்டாபேஸைத் தொடலாமா?

பதில்: பக்கத்துக்கு ஒருமுறை 'அண்மைச் செய்திகள்' எடுக்கத் தொடலாம், 'இன்க்ளூஷன் டேக்' அதற்கு அளவெடுத்துத் தைத்தது. அதே டேக்கை ஃபார் சுழலுக்குள் போட்டால், 50 வரிசைக்கு 50 முறை டேட்டாபேஸ் கதவைத் தட்டுவீர்கள். அந்த வேலையை வியூவில் முடித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் டேக் தந்த எச்டிஎம்எல், திரையில் வெறும் எழுத்தாக வந்து பல்லிளித்தது. 'மார்க் சேஃப்' போட்டேன், சரியாகிவிட்டது. கெட்டிக்காரன்தானே?

பதில்: பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றியிருக்கிறீர்கள். பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால், அது உங்கள் வாசகர் ஒவ்வொருவர் பிரவுசரிலும் ஓடும். சிம்பிள் டேக் எழுத்துகளை முடக்கித் தருவது இதைத் தடுக்கத்தான். 'ஃபார்மேட் எச்டிஎம்எல்' பயன்படுத்துங்கள்: எச்டிஎம்எல் வடிவம் உங்களுடையது, உள்ளே செருகும் சொல் மட்டும் முடக்கப்படும். நோட் கிளாஸில் அந்தக் காவல்கூடக் கிடையாது, முழுப் பொறுப்பும் உங்களுடையது. இன்றைக்கே ப்ராஜெக்ட் முழுக்க 'மார்க் சேஃப்' என்று தேடிப் பாருங்கள். அகப்படும் ஒவ்வொரு வரியிலும், உள்ளே போகும் சொல்லை எழுதியது நீங்களா, முன்பின் தெரியாதவரா என்று பாருங்கள். தெரியாதவர் என்றால் அந்த வரியை மாற்றிவிட்டுத் தூங்கப் போங்கள்.